தண்டர்பேர்ட் உடம்பு, ஃபெண்டர் தலை: எண்ட்விஸ்ல் கையில் இருப்பது என்ன பேஸ்?

நாலுதந்தி, 03.03.2024

தி ஹூ ராக் குழுவோட 1973, 74 மேடைப் படங்கள்ல அவங்க பேஸ் கிட்டார்காரர் ஜான் எண்ட்விஸ்ல் வாசிக்கிறது கிப்சன் நிறுவனத்தோட தண்டர்பேர்ட்னு பல இடத்துல போட்டிருக்கு. உடம்பு அப்படியே தண்டர்பேர்ட்தான். தலை (சுருதிச் சாவிகள் இருக்கிற நுனி) மட்டும் இன்னொரு நிறுவனமான ஃபெண்டரோடது மாதிரி தெரியுது. படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டதால வந்த மயக்கம்னு நினைக்கிறேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கீழ்ஸ்தாயி, 03.03.2024

படம் திரும்பலைங்க. அது ஃபெண்டர்பேர்ட். தண்டர்பேர்ட் வடிவ உடம்புல ஃபெண்டரோட பிரிசிஷன் மாடல் நெக்கை (கழுத்துப் பகுதியை) பொருத்தினது. 70களோட தொடக்கத்துல அவருக்காகச் செஞ்சது, கடையில வாங்கக் கிடைச்ச மாடல் இல்லை.

திரும்பின படமான்னு பார்க்க வழி சுலபம். முதல்ல பின்னாடி இருக்கிற ஆம்ப் (ஒலிபெருக்கி) மேல எழுத்து நேரா இருக்கான்னு பாருங்க. ஆம்ப் தெரியலைன்னா தந்தி. தடியான ஈ தந்தி வாசிக்கிறவர் முகத்துப் பக்கம் இருக்கணும். படம் திரும்பியிருந்தாலும் ஈ தந்தி மேலதான் இருக்கும், ஆனா ஆள் இடதுகைக்காரரா மாறியிருப்பார். எண்ட்விஸ்ல் வலதுகைக்காரர். அவர் இடது கை ஃப்ரெட் (நெக் மேல குறுக்கே பதிச்ச உலோகக் கம்பி) மேல இருந்தா படம் நேர்ப் படம். அதுக்கு மேல யோசிக்க வேண்டியதில்லை.

வால்நட், 04.03.2024

தலையோட முன்பக்கத்தைவிட பக்கவாட்டுத் தோற்றம் நம்பகமானது. கிப்சன் தலை நட்டை (நெக்கும் தலையும் சேர்ற இடத்துல தந்தி உக்கார்ற சின்னப் பட்டை) தாண்டினதும் பின்னால சாயும். ஃபெண்டர் தலை சாயாது, நெக்கோட மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கி அதுக்கு இணையா நீளும். சாய்வு இல்லாததால தந்தி நட்டுல சரியா அழுந்தாது. அதுக்காக ஒரு சின்ன வட்ட உலோகத்தைத் திருகி டி, ஜி தந்திகளைக் கீழே இழுத்துப் பிடிச்சிருப்பாங்க. பக்கத்துல இருந்து எடுத்த ஒரே ஒரு படம் கிடைச்சாலும், தலை சாய்ஞ்சிருக்கா, அந்த வட்டத் துண்டு இருக்கான்னு பார்த்து விஷயத்தை முடிச்சிடலாம். வண்ணப் படம் வேண்டியதே இல்லை.

கீழ்ஸ்தாயி, 04.03.2024

எண்ட்விஸ்ல் விஷயத்துல "அவரோட பேஸ்"னு ஒருமையில பேசினா எங்கேயும் போய்ச் சேர மாட்டோம். வருஷத்தோட சேர்த்துதான் சொல்லணும்.

1967ல அஞ்சு பிரிசிஷன் பேஸ்களோட பாகங்களைச் சேர்த்து ஒண்ணு கட்டினார். சால்மன் பிங்க் நிறம், பேரே ஃபிராங்கன்ஸ்டைன். அடுத்தது ஃபெண்டர்பேர்ட். 70களோட பிற்பாதியில கிப்சனோட எக்ஸ்ப்ளோரர் வடிவ உடம்புல அலெம்பிக் நிறுவனம் கட்டிக் கொடுத்தவை. 1985ல வார்விக் நிறுவனத்தோட சேர்ந்து அவரே வடிவம் போட்ட பஸர்ட், தலை பறவை அலகு மாதிரி நீண்டு இருக்கும். அதே பஸர்ட் வடிவம் பின்னாடி ஸ்டேட்டஸ் நிறுவனத்துக்கிட்ட இருந்து கார்பன் கிராஃபைட்ல வந்துச்சு. மரத்துல செஞ்ச பஸர்டையும் கிராஃபைட் பஸர்டையும் ஒண்ணுன்னு எழுதுறவங்க நிறைய. கிராஃபைட்ல மர ரேகை இருக்காது, நல்ல வெளிச்சத்துல நெசவு மாதிரி கட்டம் தெரியும்.

நாலுதந்தி, 05.03.2024

ஃபிராங்கன்ஸ்டைனைப் படத்துல எப்படி உறுதிப்படுத்துறது? பிங்க் பிரிசிஷன் வேற யாரும் வச்சிருக்கலாமே. மேடையில சிவப்பு விளக்கு போட்டா வெள்ளையே பிங்க்காத் தெரியும்.

கீழ்ஸ்தாயி, 05.03.2024

விளக்கு பத்திச் சொன்னது ரொம்பச் சரி. அதனாலதான் நிறத்தைக் கடைசியா வைக்கணும். அதே படத்துல வெள்ளைன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரு பொருளைத் தேடுங்க: சட்டைக் கை, டிரம் தோல், மூணு அடுக்கு பிக்கார்டோட (உடம்பு மேல திருகின பிளாஸ்டிக் தகடு) நடு வெள்ளை விளிம்பு. அதுவும் பிங்க்காத் தெரிஞ்சா விளக்கோட வேலை. அது வெள்ளையா இருந்து உடம்பு மட்டும் பிங்க்னா பெயிண்ட். இதுக்கு மேல போகணும்னா திருகு இடங்கள், சிராய்ப்பு, பெயிண்ட் பெயர்ந்த ஓரம். அதெல்லாம் நல்ல ஸ்கேன்லதான் தெரியும்.

வால்நட், 07.03.2024

சிராய்ப்பைவிட நல்ல கைரேகை ரெண்டு இருக்கு.

ஒண்ணு மர ரேகை. இயற்கை நிறத்துல பாலிஷ் போட்ட பேஸ்னா ரெண்டு படத்தை அருகருகே வச்சு ரேகையை ஒப்பிடலாம். ஒரே மாதிரி ரெண்டு பலகை கிடையாது.

ரெண்டாவது, ஆமையோட்டு நிற பிக்கார்டும் முத்துச்சிப்பி மாதிரி மினுங்குற ஃப்ரெட்போர்டு கட்டங்களும். செல்லுலாய்டுல அந்தச் சுழிகள் தாளுக்குத் தாள் மாறும். வெட்டின இடம் மாறினாலே பிக்கார்டு மாறிடும். திருகு ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு சிவப்புத் திட்டைக் குறிச்சு வச்சுக்கிட்டு, மூணு நாலு படத்துல அதே இடத்துல இருக்கான்னு பாருங்க. ஒரு எச்சரிக்கை: பிக்கார்டைக் கழட்டி வேற பேஸ்ல மாட்டலாம். பிக்கார்டு பொருந்தினா பிக்கார்டு அதேன்னு மட்டும்தான் அர்த்தம்.

ஃப்ரெட்லெஸ், 09.03.2024

பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியோட ஹாஃப்னர் 500/1 பேஸை இந்த இழையில சேர்க்கலாம். போன மாசம்தான் 1961 பேஸ் திரும்பக் கிடைச்ச செய்தி வந்துச்சு. அக்டோபர் 1972ல லண்டன் நாட்டிங் ஹில்ல வேன்ல இருந்து திருடுபோனது.

அவர்கிட்ட இருந்த ரெண்டு ஹாஃப்னரையும் பிரிக்கிறது சுலபம். 1961ல ரெண்டு பிக்கப்பும் (தந்தி அதிர்வை மின் சிக்னலா மாத்துற பாகம்) நெக்குப் பக்கமா நெருங்கி இருக்கும். 1963ல ஒண்ணு நெக்குக்கிட்ட, இன்னொண்ணு, உடம்புல தந்தி முடியுற பிரிட்ஜுக்கிட்ட. ஆனா அடையாளம் காண எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. 1961 பேஸை 1964ல பழுதுபார்த்துப் புதுசா சன்பர்ஸ்ட் (ஓரம் கறுத்து நடு வெளுத்த பூச்சு) பூசினாங்க. அப்போ ரெண்டு பிக்கப்பையும் ஒரே மரச் சட்டத்துக்குள்ள வச்சாங்க. ஹாஃப்னர் தொழிற்சாலையில அப்படி ஒரு சட்டம் போட்டதில்லை. பழுதுபார்க்கிற மேசையில பிறந்த அந்தச் சட்டம்தான் இந்த பேஸை மத்த எல்லா 1961 பேஸ்கள்ல இருந்தும் பிரிச்சுக் காட்டுது. ஜனவரி 1969ல நடந்த பீட்டில்ஸோட ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புல இது வருது, நிறுத்திப் பார்த்தா சட்டம் தெரியும்.

கீழ்ஸ்தாயி, 09.03.2024

மெக்கார்ட்னியோட ரிக்கன்பேக்கர் 4001எஸ்ஸும் அப்படித்தான், ஆனா இங்கே பூச்சே காலண்டர். முதல்ல சிவப்பு சாயல் ஃபயர்குளோ. 1967ல மேல பல நிறத்துல ஓவியம். அப்புறம் எல்லாத்தையும் சுரண்டி வெறும் மரம். 70கள்ல கொம்பு நுனிகளும் மழுங்கிடுச்சு. கொம்பு கூரா இருந்து மரம் வெறுமையா இருந்தா 60களோட கடைசின்னு சொல்லலாம். மூணும் வேற வேற பேஸ்னு சிலர் பட்டியல் போடுறாங்க. மூணும் ஒண்ணுதான், சீரியல் டிஏ23.

அந்த சீரியலே தேதி சொல்லும். ரிக்கன்பேக்கர்ல 1961ல இருந்து முதல் எழுத்து வருஷம், ரெண்டாவது எழுத்து மாசம். ஏ 1961, டி 1964. ரெண்டாவது எழுத்து ஏன்னா ஜனவரி. ஆக டிஏ ஜனவரி 1964. யெஸ் குழுவோட கிறிஸ் ஸ்க்வயர் பேஸ் டிசி127, அது மார்ச் 1964. எழுத்துகள் ஜாக் பிளேட்ல (கேபிள் சொருகுற தகடு) இருக்கும். மேடைப் படத்துல படிக்க முடியாது, கண்காட்சியில வச்சுக் கிட்டத்துல எடுத்த படத்துல படிக்கலாம். ஜாக் பிளேட்டும் திருகைக் கழட்டினா கழன்று வர்ற பாகம்தான், அதையும் மனசுல வச்சுக்கணும்.

வால்நட், 10.03.2024

ஸ்க்வயர் பேஸைப் பத்தித் தனியா எழுதியே ஆகணும். "கிறிஸ் ஸ்க்வயர், 4001"னு எழுதுறாங்க. அது ஆர்எம்1999. இங்கிலாந்துல ரோஸ் மோரிஸ் இறக்குமதி பண்ணி வித்த 4001எஸ். சாதா 4001ல உடம்பு ஓரத்துல வெள்ளைக் கரை, ஃப்ரெட்போர்டுல முக்கோணக் கட்டம். ஆர்எம்1999ல கரை கிடையாது, வெறும் புள்ளிதான். பத்து அடி தூரத்துல எடுத்த படத்துலயே இந்த வித்தியாசம் தெரியும்.

தொழிற்சாலையில இருந்து அது மோனோ வயரிங்கோட வந்தது. ஸ்டீரியோவா மாத்தினது பின்னாடி. அந்த மாத்தத்தாலதான் பிரிட்ஜ் பிக்கப்பும் நெக் பிக்கப்பும் தனித்தனி ஆம்ப்புக்குப் போக முடிஞ்சது. மேல பூ போட்ட தாள் ஒட்டி, அதை எடுக்கத் தேய்ச்சு, திரும்ப கிரீம் நிறம் அடிச்சதுல உடம்பு மரமும் சேர்ந்து தேய்ஞ்சிருக்கு. ஓரங்கள் ரிக்கன்பேக்கருக்கு உரிய கூர்மை இல்லாம உருண்டு இருக்கிறதைப் பாருங்க. 1991ல வந்த 4001சிஎஸ் கையெழுத்து மாடல்ல நிறம் அதே கிரீம், ஆனா ஓரம் புதுசு மாதிரி நறுக்குன்னு இருக்கும்.

நாலுதந்தி, 14.03.2024

இன்னொரு கேள்வி. படத்துல இருந்து அளவு எடுக்க முடியுமா? ரஷ் குழு கெடி லீயோட கறுப்பு ஃபெண்டர் ஜாஸ் பேஸ் 1972ங்கிறாங்க. ஒரு படத்துல ரெண்டு பிக்கப்புக்கு நடுவுல இருக்கிற தூரத்தை அளந்தேன், 60கள் பேஸ் கணக்கு வருது.

கீழ்ஸ்தாயி, 15.03.2024

எடுக்கலாம், ஆனா சாய்கோணத்துக்குத் திருத்தம் போடாம அளந்தா இப்படித்தான் வரும். பொறுமையா எழுதுறேன்.

முதல்ல அடிப்படை. ஜாஸ் பேஸ்ல 60கள்ல பிக்கப் நடுவுக்கு நடு 3.6 அங்குலம். 70கள்ல பிரிட்ஜ் பிக்கப் பிரிட்ஜை நோக்கி நகர்ந்து அது 4.0 அங்குலம் ஆச்சு. ஸ்கேல் (நட்டுல இருந்து பிரிட்ஜ் வரை தந்தியோட நீளம்) ரெண்டுக்குமே 34 அங்குலம்.

எந்த ஃப்ரெட் கிட்டாரா இருந்தாலும் 12வது ஃப்ரெட் நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் சரி பாதியில இருக்கும். படத்துலயும் பாதியில இருந்தா நெக் கேமராவுக்கு நேர்க்குறுக்கே இருக்குன்னு அர்த்தம், அப்படியே அளக்கலாம். பாதியில இல்லைன்னா ஒரு முனை கேமராவுக்குக் கிட்ட இருக்கு.

நீங்க சொன்ன மாதிரிப் படத்துக்கு ஒரு கணக்கு. ஒரே தந்தி மேல, பிரிட்ஜ் சேடில்ல (தந்தி உக்கார்ற துண்டு) இருந்து பிக்சல்ல அளக்குறோம்:

12வது ஃப்ரெட் வரை 190.
நட் வரை 400.
பிரிட்ஜ் பிக்கப் நடு 27.
நெக் பிக்கப் நடு 70.

பாதி 200 வரணும், 190தான் வருது. பிரிட்ஜ் பக்கம் கேமராவை விட்டுத் தள்ளி இருக்கு, அதனால அந்தப் பக்கம் எல்லாமே சுருங்கித் தெரியும்.

திருத்தம் இது, க, ச ரெண்டும் நாம கண்டுபிடிக்க வேண்டிய எண்கள். உண்மைப் பங்கு = அளவு ÷ (க + ச × அளவு). 190ல பாதி வரணும்: க + 190ச = 380. 400ல முழுசு வரணும்: க + 400ச = 400. கழிச்சா ச = 0.0952, க = 361.9.

27ஐப் போட்டா 0.0741, ஸ்கேல் 34ஆல பெருக்கினா 2.52 அங்குலம். 70ஐப் போட்டா 0.1899, அதாவது 6.46 அங்குலம். வித்தியாசம் 3.94. எழுபதுகள்.

திருத்தம் இல்லாம 43ஐ 400ஆல வகுத்து 34ஆல பெருக்கினா 3.65 வரும். உங்களை 60களுக்குக் கொண்டுபோனது அதுதான்.

வால்நட், 15.03.2024

அருமையான கணக்கு. இதுல எங்கே தடுக்கும்னு சேர்த்துடறேன். இந்த அளவு படத்துல பிரிட்ஜ் பக்கம் 1 பிக்சல் பிசகினா 0.09 அங்குலம். 60களுக்கும் 70களுக்கும் வித்தியாசமே 0.4தான். ரெண்டு பக்கமும் ரெண்டு பிக்சல் தப்பினா முடிவே மாறிடும். நட்டுல இருந்து பிரிட்ஜ் வரை 1,500 பிக்சலாவது இருக்கிற ஸ்கேன் வேணும். பத்திரிகையில அச்சான படத்தோட ஸ்கேன்ல அச்சுப் புள்ளிகளே ஓரத்தை மங்கடிக்கும், அதை நம்பி முடிவு சொல்லாதீங்க.

அளவை எல்லாம் ஒரே தந்தி மேல எடுங்க. பிக்கப் ஓரத்தை உடம்பு மட்டத்துல எடுத்து, ஃப்ரெட்டைத் தந்தி மட்டத்துல எடுத்தா ரெண்டும் வேற தளம். சேடில்களும் தந்திக்குத் தந்தி முன்னப்பின்ன இருக்கும். அகலக்கோண லென்ஸ்ல ஓரத்துக்குப் போற கோடு வளையும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. ஹாஃப்னர் மாதிரி பூஜ்ய ஃப்ரெட் (நட்டை ஒட்டி இருக்கிற கூடுதல் ஃப்ரெட்) இருக்கிற பேஸ்ல நட்டுல இருந்து அளக்காம பூஜ்ய ஃப்ரெட்டுல இருந்து அளக்கணும்.

ஃப்ரெட்லெஸ், 16.03.2024

கெடி லீயோட அந்த ஜாஸ் பேஸுக்கு அளவு இல்லாமலே சில அடையாளம் இருக்கு. கறுப்பு உடம்பு, மேப்பிள் ஃப்ரெட்போர்டுல கறுப்புக் கட்டங்கள், ஃபெண்டரோட வளைஞ்ச தகடு பிரிட்ஜுக்குப் பதிலா கனமான பேட்ஆஸ் பிரிட்ஜ். மிச்சிகன் கலமசூல அடகுக் கடையில 200 டாலருக்கு வாங்கினதுன்னு அவரே சொல்லியிருக்கார்.

அவர்கிட்டயே கண்ணீர்த்துளி வடிவத்துல ஒரு கறுப்பு பேஸ் இருந்துச்சு. அது ஃபெண்டர் பிரிசிஷன்தான், உடம்பை வெட்டிச் செதுக்கினது. நெக்கும் தலையும் ரெண்டா பிரிஞ்ச பிக்கப்பும் காட்டிக் கொடுத்துடும்.

நாலுதந்தி, 16.03.2024

1985க்கு அப்புறம் கெடி லீ கையில இருக்கிறது? தலையில ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சாவி.

ஃப்ரெட்லெஸ், 16.03.2024

வால் பேஸ். இங்கிலாந்துல இயன் வாலரும் பீட் ஸ்டீவன்ஸும் கையால கட்டினது. 1985ல இருந்து 90களோட தொடக்கம் வரை ஆல்பங்கள்ல அதுதான். மார்க் 1ல 21 ஃப்ரெட், மார்க் 2ல 24. உடம்புல மேல ஒரு மரம், அடியில வேற மரம், நடுவுல மெல்லிசான கோடு. பிக்கப்புக்குள்ள ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி காயில் (கம்பிச் சுருள்). ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனி ஃபில்டர். அந்த "வாவ்"னு வாய் திறக்கிற மாதிரியான நடு ஸ்தாயி அதுல இருந்துதான் வருது.

வால் செஞ்ச மூணு நெக் பேஸ் ஒண்ணு ரிக் வேக்மன் குழுவுல வாசிச்ச ரோஜர் நியூவெல்லுக்காகக் கட்டினது. அது ஸ்க்வயர் கைக்கு வந்ததால "ஸ்க்வயருக்காகச் செஞ்சது"ன்னு நிறைய பேர் போடுறாங்க. யாருக்காகக் கட்டினாங்க, யார் வாசிச்சாங்க, ரெண்டையும் தனித்தனியா எழுதணும்.

நாலுதந்தி, 20.03.2024

ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் ஜாக் கசாடி, கிரேட்ஃபுல் டெட் ஃபில் லெஷ் படங்கள்ல மூணு பிக்கப் வச்ச பேஸ் வருது. அலெம்பிக்ல மூணு பிக்கப் மாடல் இருந்துச்சா?

கீழ்ஸ்தாயி, 21.03.2024

இது எல்லாரும் விழுற குழி. அலெம்பிக் சீரிஸ் 1, சீரிஸ் 2ல பிக்கப் ரெண்டுதான். நடுவுல இருக்கிறது இரைச்சலை ரத்து பண்ற காயில். அதுல காந்தம் கிடையாது, தந்தியைக் கேட்காது. ரெண்டு பிக்கப்பும் ஒற்றைக் காயில், குறைந்த மின்தடை, அதனால மேடை விளக்குகளோட ஹம்மை (ரீங்கார இரைச்சலை) அதுங்க வாங்கும். நடுக் காயில் அதே ஹம்மை மட்டும் வாங்கித் தலைகீழாக் கொடுக்குது, ரெண்டும் அடிபட்டுப் போகும்.

மத்த அடையாளங்கள்: நெக் உடம்பு முழுக்க ஓடும், பின்னாடி பார்த்தா பல நிறப் பட்டைகள். பித்தளை நட், பித்தளை பிரிட்ஜ், அதுக்குப் பின்னாடி தனியா டெயில்பீஸ். ஓரத்துல சாதா ஜாக்கோட கூடவே அஞ்சு பின் சாக்கெட். அதுக்குத் தனி பவர் சப்ளை பெட்டி, படத்துல தரையில கேபிள் தடியா ஓடுறதே ஒரு தடயம்.

கசாடிக்கு 1972ல ரிக் டர்னர் கட்டினது அலெம்பிக்கோட முதல் பேஸ். அதுல பிக்கப்புகளைப் பித்தளைத் தண்டவாளம் மேல முன்னும் பின்னும் நகர்த்தலாம். அதனால அந்த ஒரு பேஸுக்கு மட்டும் பிக்கப் இடத்தை வச்சு அடையாளம் சொல்லவே முடியாது, ராத்திரிக்கு ராத்திரி மாறலாம்.

வால்நட், 21.03.2024

அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் வச்சிருந்தது கில்ட் ஸ்டார்ஃபயர், உள்ளே அலெம்பிக்காரங்க புகுந்து மாத்தினது. ஓட்டை விழுந்த அரை வெற்று உடம்பு, 30.5 அங்குல ஸ்கேல், 34ஐவிடக் குட்டி. ஸ்டார்ஃபயர்ல வந்த பைசோனிக் பிக்கப் ஸ்வீடன் ஹாக்ஸ்ட்ரம் செஞ்சது. ஆல்மன் பிரதர்ஸ் பெர்ரி ஓக்லி அதே பிக்கப்பைத் தன்னோட ஃபெண்டர் ஜாஸ்ல பதிச்சு வச்சார், பேர் டிராக்டர் பேஸ். ஜாஸ் உடம்புல நெக்குக்கிட்ட அந்தத் தடியான உலோகப் பிக்கப்பைப் பார்த்தா வேற யாரையும் தேட வேண்டாம்.

லெஷோட 1974 அலெம்பிக்ல நாலு தந்தியும் நாலு தனி சிக்னலா வெளியே போகும். அந்த வருஷம் கிரேட்ஃபுல் டெட் தூக்கிட்டுப் போன வால் ஆஃப் சவுண்ட் ஸ்பீக்கர் சுவர்ல ஒவ்வொரு தந்திக்கும் தனி அடுக்கு. இந்த பேஸை முகப்புல இருக்கிற குமிழ், பொத்தான் கூட்டத்தை வச்சே சொல்லிடலாம்.

ஃப்ரெட்லெஸ், 22.03.2024

ஃபிளீட்வுட் மேக் ஜான் மெக்வீயோட ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட் இல்லாத) அலெம்பிக்கையும் குறிச்சுக்கங்க. ஃப்ரெட்போர்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். விளக்கு பட்டா நெக் முழுக்க ஒரே பளபளப்பா வெள்ளையாத் தெரியும். அதை மேப்பிள்னு எழுதியிருக்கிற பக்கங்களைப் பார்த்தா வருத்தமா இருக்கு, அப்படி ஒரு வேலைப்பாடு கண்ணுல படாமலே போயிடுது.

நாலுதந்தி, 02.04.2024

ரோலிங் ஸ்டோன்ஸ் பில் வைமன் 70களோட நடுவுல அலுமினிய நெக் பேஸ் வச்சிருக்கார். கிரேமர் நிறுவனத்தோடதா?

வால்நட், 02.04.2024

இல்லை, டிராவிஸ் பீன் நிறுவனத்தோடது. தலையைப் பாருங்க. டிராவிஸ் பீன்ல தலை நடுவுல டி எழுத்து வடிவத்துல ஓட்டை வெட்டியிருக்கும். கிரேமர்ல தலையே சுருதிக் கவை மாதிரி ரெண்டா பிரிஞ்சு நிக்கும். தலை மறைஞ்சிருந்தா நெக்கோட பின்பக்கம்: டிராவிஸ் பீன் முழு அலுமினியம், கிரேமர்ல அலுமினியத்துக்குள்ள மரப் பட்டை பதிச்சிருக்கும். வைமனுக்குச் செஞ்சது குட்டி ஸ்கேல், அதனால உடம்போட ஒப்பிட்டா நெக் குட்டையாத் தெரியும்.

அவரோட பழைய டல்லஸ் டக்சீடோவையும் சொல்லணும். 1961ல வாங்கி, உடம்பை வெட்டிச் சின்னதாக்கி, புது ஃப்ரெட் போடலாம்னு பழசைப் பிடுங்கினார். சத்தம் பிடிச்சுப்போய் அப்படியே விட்டுட்டார். ஃப்ரெட் பிடுங்கின கோடுகள் ஃப்ரெட்போர்டுல இருக்கும், அதனால தூரத்துப் படத்துல ஃப்ரெட் இருக்கிற மாதிரியே தோணும். பெரிசாக்கிப் பார்த்தா அந்தக் கோடுகள்ல உலோக மினுக்கு இருக்காது.

நாலுதந்தி, 11.04.2024

எண்ட்விஸ்ல் படத்தோட பெரிய ஸ்கேன் கிடைச்சது. தலை சாயலை, வட்டத் துண்டு இருக்கு. பின்னாடி ஆம்ப்ல எழுத்தும் நேரா இருக்கு. 12வது ஃப்ரெட் கிட்டத்தட்ட பாதியில வருது, அதனால ஸ்கேலையும் கணக்குப் போடப் போறேன்.

கீழ்ஸ்தாயி, 11.04.2024

ஸ்கேல் கணக்கு இங்கே உதவாது. தண்டர்பேர்டும் 34 அங்குலம், பிரிசிஷனும் 34, ரெண்டுலயும் 20 ஃப்ரெட். நெக்கோட பின்பக்கம் தெரியுற படமாப் பாருங்க. தண்டர்பேர்ட்ல நெக் மரம் உடம்பு வழியா ஓடி அடி வரை பட்டையாத் தெரியும். ஃபெண்டர் நெக் உடம்போட சேர்ற இடத்துல நாலு திருகு போட்டு முடியும்.